ஐந்தாவது குரல்

அன்பு மகள் போக்னாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், அவள் முழங்கால்தான் ஈரக்காற்றுக்கு முனகுகிறது. நார்வே குளிரில் நீ கம்பளிக் காலுறை போடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். உன் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றிப் போனில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேனே, “முப்பது வருஷமா தீ அணைக்கிறவனுக்குத் தலை எண்ணக் கத்துத் தர்றியாக்கும்” என்று, அதை மன்னித்துவிடம்மா. புகையிலிருந்து வருகிறவர்களைக் குரலை வைத்து எண்ணாதே, தோளைத் தொட்டு எண்ணு என்று எட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தாயே, அதை அம்மாதான் கிழித்து என் சட்டைப்பையில் திணித்தாள்.

போன செவ்வாய் மத்தியானம் மரமில்லில் தீ. நம் படையில் ஐந்து பேர் உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது ஒரே புகை, முகமூடி, யார் எவர் என்றே தெரியவில்லை. “எல்லாரும் குரல் குடுங்கடா” என்று கத்தினேன். ஐந்து “இருக்கேன்” வந்தது. தீ பக்கத்துக்குப் பரவாமல் இருக்க எரிகிற கூரையை உள்ளே தள்ளிச் சாய்க்கச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டேன், அப்போது பார்த்து உன் எட்டாம் பக்கம் ஞாபகம் வந்து தொலைத்தது. தொட்டு எண்ணினால் நாலு தோள்தான்! ஒலெக் இல்லை. ரோமெக்கும் நானும் ஓடிப்போய்ப் பலகைக்கு அடியிலிருந்து அவனை இழுத்து வந்தோம். பிழைத்துக்கொண்டான், ஆஸ்பத்திரியில் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை கேட்கிறானாம்.

தானியக் கிடங்குத் தீயில் செத்துப்போன நம் செனோன் பெயரை ஞாயிறுதோறும் நிலையத்தில் ஆஜர் எடுக்கும்போது கடைசியாகக் கூப்பிடுவோம், யாராவது அவனுக்காக “இருக்கேன்” என்பார்கள், உனக்குத்தான் தெரியுமே. அந்தப் பழக்கதோஷத்தில் எவன்டா ரெண்டு தரம் கத்தினது என்று நாலு பேரையும் உலுக்கிவிட்டேன். பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார்கள். ரோமெக் மட்டும் தனியாக வந்து, “அண்ணே, கடைசிக் குரல்ல ஒரு இருமல் இருந்துச்சு, கேட்டீங்களா?” என்றான். கேட்டேன். செனோன் இருமல் எனக்குத் தெரியாதா. இந்த ஞாயிறு அவன் பெயரைக் கூப்பிடவே இல்லை. ஒவ்வொரு தோளாகத் தொட்டு முடித்தேன். அவன் தலைக்கவசம் தொங்கும் மூலையிலிருந்து “இருக்கேன்” என்று வந்தது. எவன் வாயும் அசையவில்லை. பயமாக இருக்கிறதம்மா.

உன் ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய கேள்வித்தாளில் செனோன் செத்ததற்குக் “காரணம் தெரியவில்லை” என்று எழுதினேனே, அது பொய். அன்றைக்கும் குரலைத்தான் எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது. அவன் கிடங்குக்குள்ளிருந்தே “இருக்கேன்” என்றிருக்கிறான், நான் அதையும் சேர்த்து எண்ணிவிட்டுக் கூரையைத் தள்ளச் சொன்னேன். நாளைக்குக் காலையில் அவன் பெண்சாதியிடம் போய்ச் சொல்லப் போகிறேன். நீயும் திருத்தி எழுதிக்கொள், என் பெயரைப் போட்டே எழுது.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணே. காலுறையை மறக்காதே.

உன் அப்பா
லுடோமிர்