இரண்டு முற்றத்துக்கும் ஒரு சின்ன வாசல்

ரஸ்கிராட், பல்கேரியா
மார்ச் 1990

அன்புள்ள ஜெமிலேவுக்கு,

உன் பக்கத்து வீட்டு நெதியால்கா எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரர் மெத்தோதியும் சுகம். துருக்கியில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். துருக்கிப் பெயர் கூடாதென்று அரசாங்கம் பிடுங்கிக்கொண்ட உன் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை உறையின் மேல் அழகாக எழுத வேண்டுமென்று ஓர் உறையைக் கிழித்தே போட்டேன்.

உன் பிளம் மரம் பூத்துவிட்டது. பூனை என்னிடம்தான் இருக்கிறது, கொழுத்துப்போய்.

போன வாரம் ஊர் மன்றத்து ரங்கேல் வந்தான். நீங்கள் விட்டுப்போன வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நம் நடுச்சுவரில் இருக்கும் சின்ன வாசலை, நம் கபிஜிக்கை, பலகை அடித்து மூடச் சொன்னான். "துருக்கிக்காரங்கதான் போயிட்டாங்களே, இந்தக் கபிஜிக் இன்னும் உனக்கு எதுக்குக்கா?" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏண்டா, கபிஜிக்ங்கறதே அவங்க சொல்லுதான். உன் காலுறைக்கு சொராப், நீ கைய விட்டுட்டு நிக்கற சட்டைப்பைக்கு ஜோப், ராத்திரி இழுத்துப் போத்திக்கற ரஜாய்க்கு யோர்கான், எல்லாம் அவங்ககிட்ட வாங்கின பேரு. அத்தனையும் திருப்பிக் குடுத்துட்டு வா, அப்புறம் அடைக்கலாம்" என்றேன்.

மெத்தோதி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். ரங்கேல் முகம் தொங்கிப்போயிற்று. பாவம், நம்மூர்ப் பையன்தானே, உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். குடித்து முடித்து, "உன் கொம்ஷிகாவ ஒரு வரி எழுதச் சொல்லுக்கா. மே மாசம் ஜார்ஜ் திருநாளுக்குள்ள 'வர்றோம்'னு கடுதாசி வந்தா, வீட்டைத் தொடமாட்டோம்" என்றான். பக்கத்து வீட்டுக்காரிக்கு அவன் சொன்ன அந்தப் பெயரும் உங்களுடையதுதான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜெமிலே, நீ இல்லாமல் எனக்கு இங்கே எதுவுமே பிடிக்கவில்லை. மாவு தீர்ந்தால் இப்போதும் கிண்ணத்தோடு உன் முற்றத்துக்குத்தான் கால் போகிறது. ஆனால் உன் மகனுக்கு அங்கே மில்லில் நல்ல வேலை என்று கேள்விப்பட்டேன். இங்கே உங்களைப் படுத்திய பாட்டை நானும் பார்த்தவள்தான். வா என்று கூப்பிட எனக்கே வாய் கூசுகிறது.

வருவதானால் ஒரு வரி எழுது. வரப்போவதில்லை என்றாலும் எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்போது கபிஜிக்கில் அந்தப் பலகையை நானே அடித்துக்கொள்கிறேன். அதில் வேறு யார் கையும் பட வேண்டாம்.

எங்கே இருந்தாலும் உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

உன்
நெதியால்கா