இருபத்தேழாவது சொட்டு

செப்டம்பர் 4, வியாழன்

நாளை கடைசி பீரியட் அறிவியல் செய்முறை. நூலகத்தில் எடுத்த சோதனைப் புத்தகத்தில் பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். டீச்சர் எதைக் கொடுத்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அம்மா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டாளாம். காதில் விழவே இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மூன்று பிளாஸ்டிக் டம்ளர்கள். ஒன்றில் நீலத் தண்ணீர், ஒன்றில் மஞ்சள், நடுவில் இருப்பது காலி. டிஷ்யூ காகிதத்தை மடித்து, நடு டம்ளருக்கு இரண்டு பக்கமும் பாலம் போட்டோம். “என்ன நடக்கும்னு சீட்டுல எழுதுங்க, யாருக்கும் காட்டாதீங்க” என்றார் டீச்சர். எங்கள் மேசையில் நாலு பேர்: சுருட்டை முடிக்காரி, நெட்டையன், கண்ணாடி போட்ட பையன், நான். சுருட்டை பேனா மூடியைக் கழற்றுவதற்குள் என் வாய் திறந்துவிட்டது. “தண்ணி காகிதத்துல ஏறி வந்து நடுவுல பச்சையாயிடும்!”

மணி அடிக்கும் முன்னால் பச்சை வந்தது. மற்ற மேசைகளில் ஒரே கூச்சல். எங்கள் மேசையில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “சரியான முந்திரிக்கொட்டை” என்றாள் சுருட்டை.

சரியாகத்தானே சொன்னேன்?

செப்டம்பர் 8, திங்கள்

என்னை மேசை மாற்றச் சொல்லி மூவரும் டீச்சரிடம் போயிருக்கிறார்கள். கண்ணாடிக்காரன்தான் வந்து சொன்னான், பாவம், காதெல்லாம் சிவந்து. “கோவிச்சுக்காத. உன்கூட இருந்தா, படம் ஆரம்பிக்கிறப்பவே யாரோ முடிவைச் சொல்லிட்ட மாதிரி இருக்கு.”

இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றாராம் டீச்சர். அப்போதும் வேண்டாம் என்றால் எனக்கு அலமாரி ஓரம் தனி நாற்காலி. தனியா உக்காந்து என்ன சோதனை பண்றது? தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வெச்சுக்கிட்டா அது பொய் இல்லையா? அண்ணன்கிட்ட கேட்டா, “வீட்லயும் நீ அப்படித்தான்”ங்கிறான். போடா.

செப்டம்பர் 9, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன். சும்மா இருப்பது பொய் ஆகாது.

செப்டம்பர் 12, வெள்ளி

முடிச்சுப் போடாமல் நூலால் ஐஸ் கட்டியைத் தூக்க வேண்டும். உதவிக்குக் கொஞ்சம் உப்பு. எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது டீச்சரின் விதி. வாயிலிருந்து எதுவும் வரக் கூடாது என்பது நான் எனக்குப் போட்ட விதி.

நெட்டையன் நூலைத் தூண்டில் மாதிரி ஆட்டினான். சுருட்டை கட்டியை அமுக்க, அது வழுக்கித் தரையில் ஓட, கண்ணாடிக்காரன் பின்னாலேயே ஓடினான். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கடைசியில் கண்ணாடிக்காரன் நூலைக் கட்டிமேல் படுக்க வைத்து, உப்பைத் தூவி, நெட்டையனோடு சண்டை போட்டதில் அதை மறந்தே போனான். பிறகு தூக்கினால் — ஒட்டிக்கொண்டு வந்தது! நாலு பேரும் கத்தினோம். புத்தகத்தில் படித்தபோது எனக்கு இப்படிக் கத்தத் தோன்றவில்லையே?

“உனக்கு முன்னாடியே தெரியும்தானே?” என்றாள் சுருட்டை. “ம்” என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மிச்சத்தைப் படிக்கவில்லை. அழுகை வரவில்லை, கிட்டத்தட்ட.

செப்டம்பர் 19, வெள்ளி

ஒரு நாணயத்தின்மேல் எத்தனை சொட்டுத் தண்ணீர் நிற்கும்? சத்தியமாக எனக்குத் தெரியாது. சீட்டில் எட்டு என்று எழுதினேன். மற்றவர்கள் ஆறு, பத்து, பதினைந்து. சொட்டுக்குழாய் என் கைக்கு வந்தது. பதினைந்தைத் தாண்டியதும் யாரும் மூச்சுவிடவில்லை. இருபது. இருபத்தைந்து. தண்ணீர் கண்ணாடிக் கூரை மாதிரி உப்பி நின்றது. இருபத்தேழாவது சொட்டு குழாய் நுனியில் தொங்கும்போது தும்மிவிட்டேன்.

எல்லாம் வழிந்துவிட்டது. “ஐயோ, முப்பதுக்குப் போயிருக்கும்!” என்று நெட்டையன் தலையில் கை வைத்தான். அவ்வளவுதான், அலமாரி ஓரம்தான் என்று நான் எழுந்துவிட்டேன்.

சுருட்டை நாணயத்தைத் துடைத்து நடுவில் வைத்தாள். “எங்க போற? உக்காரு. முதல்லேருந்து. இந்தத் தடவை மூக்கைப் பொத்திக்கோ.”

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தார். “என்ன, மேசை மாத்தணுமா?”

“எண்ணிட்டிருக்கோம் டீச்சர்” என்றாள் சுருட்டை, தலையைத் தூக்காமலே. “அப்புறமா வாங்க.”