தெளிந்த தண்ணீர்

1982 ஜன. 11, திங்கள்
பனி. ஒன்பது மணி வரை மலையே தெரியவில்லை. வாங்க வேண்டியவை: சுண்ணாம்பு, கோலமாவு, சைக்கிள் டியூப்.

பின் அறையில் குடியிருக்கும் ராஜம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஓய்வு பெற்ற நர்ஸ், தனி ஆள். இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகை தீபம் பார்க்க வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். என் வீட்டுக்காரி பார்வதி கஞ்சி கொண்டுபோனாள். திரும்பி வந்து, "கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்குதுங்க" என்றாள்.



ஜன. 12, செவ்வாய்
டாக்டர் வந்தார். மஞ்சள் காமாலை. எண்ணெய் கூடாது. மோர், படுக்கை, ஓய்வு. "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று ராஜம்மாவிடம் கேட்டார்.

"மாடி டேங்க் தண்ணிதாங்க. எப்பவும் கொதிக்க வச்சித்தான் குடிப்பேன். தீபத்துக்கு முன்னாடி சாரே உள்ள எறங்கிக் கழுவினேன்னு சொன்னாரு. கெரசினும் கம்மியா இருக்குதேன்னு கொதிக்க வைக்கறத விட்டுட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஏதோ நல்ல காரியம் செய்தவனைப் பார்ப்பது போல.

நான் இறங்கவே இல்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்வதி வீட்டார் பதினோரு பேர். தொட்டியைக் காலி செய்தால் மறுபடி நிறைய இரண்டு நாளாகும். ஒரு பிடி தேற்றாங்கொட்டையைக் கல்லில் உரைத்து, வாளியில் கரைத்து ஊற்றினேன். கலங்கல் எல்லாம் அடியில் போய், மறுநாள் தண்ணீர் கண்ணாடி. எல்லாரும் மெச்சினார்கள். "கழுவிட்டேன்" என்றேன். வாய் கூசவில்லை.

ஜன. 13, புதன். போகி
தெருவெல்லாம் புகை. விடிந்ததும் மாடி ஏறினேன். மூடி மேல் வைக்கிற கல் கீழே கிடந்தது, மூடி ஒருபக்கம் விலகி. குரங்கு வேலை. எத்தனை நாளாகவோ.

தொட்டியின் அடிப்பக்கக் கழிவுக்குழாய் அடைப்பைப் பிடுங்கினேன். முதலில் தெளிவாகத்தான் போனது. பிறகு கறுப்பு. உள்ளே நாலு விரல் சேறு. அதில் வாழைப்பழத் தோல், புறா இறகு, அழுகிய அணில் ஒன்று. வாந்தி எடுத்தேன்.

தேங்காய் நாரால் மூன்று தடவை தேய்த்தேன். ப்ளீச்சிங் பவுடரில் கையெல்லாம் எரிச்சல். பார்வதி வந்து வாளியை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு மாசத்துல இவ்ளோ சேறா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஜன. 14, பொங்கல்
பானை பொங்கியது. யாரும் சத்தமாகக் கூவவில்லை.

ராஜம்மாவுக்கு ஜாஸ்தியாகிவிட்டது. கூப்பிட்டால் பதில் வர நேரமாகிறது. டாக்டர், "இன்னும் ரெண்டு நாள் போகட்டும், பார்க்கலாம்" என்கிறார். மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். பாதி எனக்காகக் கேட்டதுதான்.

ஜன. 16, சனி
எழுந்து உட்கார்ந்தார். நாலு வாய் மோர். இனி பயமில்லை என்கிறார் டாக்டர். பார்வதி அழுதேவிட்டாள்.

மாலை சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது ஒரு நினைப்பு: இனி எதற்குச் சொல்ல வேண்டும்? அப்படித் தோன்றியதே, அதுதான் பயமாக இருக்கிறது.

ஜன. 17, ஞாயிறு
சொல்லிவிட்டேன். பார்வதியும் பக்கத்தில் இருந்தாள்.

"டேங்க்கை நான் கழுவலைங்கம்மா. தேத்தாங்கொட்டை போட்டுத் தெளிய வச்சேன். கழுவினேன்னு பொய் சொல்லிட்டேன்."

ராஜம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷம் நர்ஸா இருந்தேன் சார். கொதிக்க வைக்காம ஒரு வாய் குடிச்சதில்ல. உங்க வார்த்தைக்காக விட்டேன்."

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஜன. 18, திங்கள்
பள்ளி திறந்தது. என் வகுப்பில் வருகை குறைவு. மூடிக்குக் கல்லுக்குப் பதில் கம்பி போட்டுக் கட்டினேன்.

சாயந்திரம் நானே தண்ணீரை வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற்றி, டம்ளரில் கொண்டுபோனேன். பார்வதி அங்கே தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"யார் கொதிக்க வச்சது?" என்றார் ராஜம்மா.

"நான்தாம்மா."

வாங்கினார். குடிக்காமல் தரையில் வைத்தார்.

"பார்வதி, நீ கொஞ்சம் கொதிக்க வச்சிக் கொண்டாம்மா."

அதே தொட்டி, அதே அடுப்பு, அதே பாத்திரம். பார்வதி கொண்டுவந்ததை முழுசாகக் குடித்தார்.