புள்ளிப் புத்தகம்

ஜூன் 9

என் தங்கப் பேரனுக்கு,

பாட்டி எழுதுவது. நான் சௌக்கியம், உன் அம்மா சௌக்கியம், சமையலறைக் குழாய் மட்டும் சௌக்கியமில்லை, இரண்டு வாரமாகச் சொட்டுகிறது.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா வங்கித் தேர்வில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். வாயாடி வாயாடி என்று கேலி செய்தோமே, நேர்காணலில் அந்த வாய்தான் அவளைக் கரை சேர்த்ததாம். உன் மாமா மகள் நீச்சலில் பல்கலைக்கழக அணிக்குப் போய்விட்டாள். அவள் தம்பி குண்டன், ஏழாம் வகுப்புதான் படிக்கிறான், சதுரங்கத்தில் தலைமை ஆசிரியரையே தோற்கடித்துவிட்டு, "சார், மனசுல வச்சுக்காதீங்க" என்றானாம். இவர்களைப் பற்றியெல்லாம் உட்கார்ந்தபடி சொல்வேன். உன்னைப் பற்றிச் சொல்ல வந்தால் என்னால் உட்கார முடிவதில்லை.

எதிர் வீட்டு நர்ஸ் நேற்று கேட்டாள், "பேரன் டாக்டருக்குத்தான் படிக்கிறானா பாட்டி?"

"டாக்டருங்க இவன்கிட்ட வந்து கேட்டுட்டுத்தான் மருந்தே எழுதணும். உடம்புல ஒரு துணுக்கை எடுத்து, மெழுகுல பதிச்சு, வெங்காயச் சருகைவிட மெலிசா சீவி, சாயம் போட்டுப் பாத்து, இது ஈரல், இது குடல், இதுல நோவு இருக்கு, இதுல இல்லன்னு சொல்ற படிப்பு" என்றேன்.

"அவ்வளவு மெலிசா சீவினா என்ன மிச்சம் இருக்கும்?" என்றாள்.

"அதைப் பாக்கத்தான் மூணு வருஷம் படிக்கிறான்" என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்க முடியாது. உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே காய் நறுக்குவாள். போன வாரம் உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாய், சிரிக்க வேண்டிய இடத்தில் இருமுகிறாய். நம் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த அந்த விஷயமா? யாருக்காவது தெரிந்துவிட்டதா? ஆம், இல்லை என்று ஒரு வரி எழுது போதும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

உன்னால் நிமிர்ந்து நடக்கும்,
பாட்டி

*

ஜூன் 21

அன்புள்ள பாட்டிக்கு,

யாருக்கும் தெரியவில்லை. அதுதான் என் கஷ்டமே.

எங்கள் ஆய்வுக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. இருபத்துநான்கு நுண்ணோக்கிகள், இருபத்துநான்கு முக்காலிகள். கதவை உள்ளிருந்து திறக்கவும் அடையாள அட்டை வேண்டும். தேர்வன்று ஒவ்வொரு நுண்ணோக்கியிலும் ஒரு கண்ணாடித் தகடு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும், அடுத்ததற்கு நகர வேண்டும்.

தகடுகளுக்கு இரண்டு சாயம் போடுவார்கள். செல்லின் உட்கரு ஊதாவாகும், மற்றதெல்லாம் ரோஜா நிறமாகும். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே சாம்பல் நீலம்தான், ஓர் இடத்தில் அடர்த்தி, ஓர் இடத்தில் வெளிறல். அதனால் நான் நிறத்தையே பார்ப்பதில்லை. ஈரல் என்றால் தேன்கூடு போன்ற அறைகள். சிறுநீரகம் என்றால் சின்னச் சின்ன உருண்டைகள், நீ பிரித்துப் போட்ட நூல்கண்டு மாதிரி. தைராய்டு என்றால் குளம் குளமாக. நான் பென்சிலால் மட்டும் வரைகிறேன். என் படங்களைப் பேராசிரியை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் அவருக்கு 'வல்லூறு' என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த வல்லூறின் கண்ணுக்கு நான் மூன்று வருடமாகத் தப்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பருவம் மருத்துவமனையிலிருந்து வரும் உண்மையான தகடுகளைப் பார்க்கிறோம். ஒரு சாயம் இருக்கிறது, காசநோய்க் கிருமியைக் காட்டுவதற்கு. கிருமி சிவப்புக் கோடாகத் தெரியும், பின்புலம் பச்சை. பாட்டி, சிவப்பும் பச்சையும். போன செவ்வாய்க்கிழமை ஒரு தகட்டை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "கிருமி இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். வல்லூறு மறுபடி பார்த்தார். கூட்டம் கூட்டமாக இருந்ததாம். "ஏம்பா, தூங்கிட்டியா? குருடன்கூடப் பாத்துருப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

தகட்டின் சீட்டில் பெயர் இருக்காது. எண்தான் இருக்கும். பெண், வயது அறுபத்தெட்டு, மூன்று மாத இருமல். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வல்லூறிடம் உண்மையைச் சொல்லிவிடவா? உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் பேரன்

*

ஜூலை 2

கண்ணா,

கூடாது. கூடவே கூடாது.

என் அண்ணன் கதையை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியையும் கேள். ரயில் ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டான். எழுத்துத் தேர்வில் இரண்டாவது ஆள். கடைசியில் மருத்துவர் மேசைமேல் கம்பளி நூல் கற்றைகளைக் கொட்டி, இந்தப் பச்சையோடு சேருகிறதையெல்லாம் எடு என்றார். அண்ணன் பழுப்பையும் சிவப்பையும் பொறுக்கிப் பொறுக்கி அழகாக அடுக்கி வைத்தான். வரிசையில் நின்ற ஒருவன், "மாப்ள, நீ ஓட்டினா நாங்க நடந்தே போயிக்கிறோம்" என்றானாம். அன்றிலிருந்து அவன் பெயர் 'சிக்னல்'. பேசி முடித்திருந்த பெண் வீட்டார், பிறக்கிற பிள்ளைக்கும் கண் தெரியாமல் போகும் என்று விலகிக்கொண்டார்கள். அவன் செத்துக் கிடந்த அன்றுகூட வாசலில் யாரோ, "சிக்னல் போயிட்டான்" என்றார்கள். என் காதால் கேட்டேன்.

ஐந்து வயதில் நீ இலைக்குச் செங்கல் நிறம் அடித்து எடுத்துக்கொண்டு வந்தாய். நூல் கடையில் நிறம் பிரிக்கிற வேலை இருபது வருடம் பார்த்தவள் நான். எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. உன் அம்மாவிடம் சொல்லவில்லை. உன் வண்ணக் குச்சிகளில் கத்தியால் வெட்டுக் குறி போட்டேன். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு. ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாய். பள்ளியில் ஒருத்தருக்கும் தெரியாமல் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டினோம்.

கல்லூரியில் கண் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டபோது, கண்ணாடிக் கடைக்காரரிடம் அந்தப் புள்ளிப் புத்தகத்தை ஒரு வாரம் இரவல் வாங்கி வந்தது யார்? புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிற எண்ணைப் பக்கம் பக்கமாக உனக்கு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தது யார்? இதற்கா? நீயே போய்க் காட்டிக் கொடுப்பதற்கா?

பக்கத்தில் உட்காருகிற பிள்ளை யாராவது நல்ல பிள்ளையாக இருந்தால் மெதுவாகக் கேட்டுக்கொள். இன்னும் கொஞ்ச மாதம்தான். பல்லைக் கடித்துக்கொள்.

பாட்டி

*

ஜூலை 15

அன்புள்ள பாட்டிக்கு,

உனக்கு ஒரு நல்ல செய்தி. எதிர் வீட்டு நர்ஸிடம் சொல்லலாம்.

வல்லூறு என்னை மருத்துவமனை ஆய்வுக்கூட வேலைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வகுப்பிலிருந்து ஒரே ஆள். "உன் பென்சில்ல இருக்கிற பொறுமை மத்தவங்க கண்ணுல இல்ல. அன்னைக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்றார். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து மாலைத் தகடுகளை நான் தனியாகப் பார்க்க வேண்டும். கிருமி இல்லை என்று நான் எழுதினால் வேறு யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். அந்த நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார்.

வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டார். காரணம் என்னிடம் இருக்கிறது, வாயில்தான் இல்லை. "கூச்சப்படாத" என்று சொல்லிவிட்டு என் பெயரை எழுதிவிட்டார்.

புள்ளிப் புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதில் சில பக்கங்கள் நினைவிருக்கிறதா? மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் எண் தெரியும். எனக்கு அங்கே ஐந்து பளிச்சென்று தெரிந்தது. பின்னால் இருந்த விடைகளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லைன்னு சொல்லு" என்றாய். "இருக்கே பாட்டி" என்றேன். "இருந்தாலும் இல்லைன்னு சொல்லு" என்றாய். எத்தனையாவது பக்கம் என்று எண்ணிக்கொண்டே வந்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி அந்தப் பக்கங்களைக் கடப்பேன்.

நான் உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு எந்தப் பக்கம் போனாலும் சுவராக இருக்கிறது. சொன்னால் உனக்குக் கொடுத்த வாக்குப் போகும், சான்றிதழ் பொய் என்று தெரிந்தால் படிப்பும் போகும். சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் போவார். நீ சொல்லாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன் பாட்டி. ஆனால் நீதான் சொல்ல வேண்டும்.

உன் பேரன்

*

ஆகஸ்ட் 19

என் ராசா,

ஒரு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. தபால்காரர்மேல் பழி போட மாட்டேன். பேனாவை எடுப்பேன், மூடுவேன்.

நடுவில் எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பயப்படாதே, முடிவு நல்லபடியாக வந்துவிட்டது, வெறும் கொழுப்பு என்கிறார்கள். ஆனால் அதில் ஒரு துணுக்கு வெட்டிப் பார்த்தார்கள். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

துணுக்கை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, என் கையிலேயே கொடுத்து, ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வாங்கி எண் ஒட்டினாள். எனக்கு நீ ஞாபகம் வந்துவிட்டாய். "இதை யாரும்மா பாப்பாங்க?" என்றேன்.

"நான் சாயம் போடுவேன். உள்ள இருக்கிறவர் பாப்பாரு."

"என் சால்வை என்ன கலருன்னு சொல்லு."

"கிளிப்பச்சை. ஏன் பாட்டி, உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு நல்லாத் தெரியும். உள்ள இருக்கிறவரையும் கூப்பிடு, அவரும் சொல்லட்டும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் கூப்பிட்டாள். அவர் வந்து, "பச்சை பாட்டி. ஓரத்துல சிவப்புப் பூ. பாஸாயிட்டேனா?" என்றார். "பாஸ்" என்றேன். பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. என் துணுக்கைப் பார்க்கிறவனுக்கு மட்டும் பச்சை தெரிய வேண்டும். அந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்பிள்ளையின் துணுக்குக்கு எவன் இருந்தாலும் சரி என்று உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். எனக்கு அறுபத்தொன்பது. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கதை, வண்ணக் குச்சி, புத்தகம், எல்லாம். கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். "அப்ப அஞ்சு வயசுல இலைக்குத் தப்பா கலர் அடிச்சான்னு நான் கைல அடிச்சேனே, அது?" என்றாள்.

"அதுதான்" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தானம்மா நின்னே?"

அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. நர்ஸிடம் கேட்டேன், அந்தக் குறை பெண்கள் வழியாகத்தான் பையன்களுக்கு வருமாம், பெண்களுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாதாம். நூறு பச்சைகளைப் பிரித்து அடுக்கத் தெரிந்த நான்தான் உனக்கு இதைக் கொடுத்தேன். அதையாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். கொடுத்ததும் இல்லாமல் மூடியும் வைத்தேன்.

வாக்கை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். இனி அது உன்னிடம் இல்லை. செப்டம்பருக்கு முன்னால் போய்ச் சொல். இதோடு உன் பேராசிரியைக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். 'அம்மா, கண் பரிசோதனைப் புத்தகத்தை வாங்கி வந்து மனப்பாடம் செய்ய வைத்தது நான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. பொய் சொன்னவள் கையெழுத்துப் போடுகிறேன். அவன் படங்கள் பொய் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தாதே, அப்படியே கொடு. அவர்கள் இரு என்றால் இரு. போ என்றால் வா. வந்து என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. ஊர் என்ன சொல்லும் என்பது நன்றாகத் தெரியும். அதைக் கேட்டுப் பழகிய காது எனக்கு இருக்கிறது.

நீ என்மேல் கோபப்பட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. கோபம் இருந்தால் எழுது. திட்டியே எழுது.

சொல்லி முடித்த அன்றைக்கே, அறைக்குத் திரும்புகிற வழியில், எங்கே ஸ்டூடியோ இருக்கிறதோ அங்கே போய் ஒரு புது போட்டோ எடுத்துக்கொள். தலை சீவ வேண்டாம். பாட்டி பார்ப்பாள் என்று சிரிக்கவும் வேண்டாம். அன்றைக்கு முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்து, எனக்குத் தபாலில் போடு.

பாட்டி