பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகு

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் இருந்தது நான், என் மகள், மூத்த மகன் பெரியவன், மாப்பிள்ளை. வேறு ஈ காக்காய் இல்லை. நாளைக்கு யாராவது "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லக்கூடும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

எம்பிராய்டரி மிஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகவே படுத்துகிறது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால்தான் கண் திறக்கும். உள்ளே இருக்கும் டிஸ்க் பழசாகிவிட்டதாம். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், அவர் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வெளியூர் போயிருக்கிறார். வந்து மாற்றித் தருகிறேன் என்றார். பெரியவனுக்குப் பொறுக்குமா? புது டிஸ்க்கும் கையுமாக வந்து நின்றான்.

"ஆபரேட்டிங் சிஸ்டம், சாஃப்ட்வேர், டிசைன், எல்லாத்தையும் அப்படியே புதுசுக்குக் காப்பி பண்ணிடுவேம்மா. வீடு மாத்துற மாதிரிதான்."

நீ வீடு மாற்றின லட்சணம் எனக்குத் தெரியாதா? உன் அப்பாவின் கைக்கடிகாரத்தை அட்டைப்பெட்டியோடு குப்பையில் போட்டவன்தானே! சொன்னேன். "ஆரம்பிச்சுட்டியா" என்றான்.

அந்தத் தையல் சாஃப்ட்வேர் இனிமேல் வாங்கக் கிடைக்காது, செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். மகள் இத்தனை வருஷம் வரைந்த டிசைன் எல்லாம் அதில்தான் திறக்கும். அது போனால் கடை போச்சு. நர்ஸ் யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஆஸ்பத்திரி முத்திரை போடும் வேலை வேறு பதினைந்தாம் தேதிக்குக் கொடுத்தாக வேண்டும்.

பழைய டிஸ்க், புது டிஸ்க் இரண்டையும் மாட்டி வைத்து மதியத்துக்குள் முடித்துவிட்டான். சுவிட்சைப் போட்டதும் நான் நாற்காலியில் உட்காருவதற்குள் திறந்துவிட்டது. மகள் கை தட்டினாள். மாப்பிள்ளை சிரித்தார். பெரியவன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"அதை ஏன்டா எடுத்துட்டுப் போற?"

"அழிச்சிட்டு வீட்டு வீடியோ போட்டு வைக்கப்போறேன். உனக்கு எதுக்கு, தலைக்கு வச்சுப் படுக்கவா?"

மார்ச் 5, புதன்

திறக்கவில்லை.

கறுப்பாக நிற்கிறது. ஓரத்தில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. மகள் வாசித்தாள்: கிளம்புவதற்கான டிஸ்க் எதுவும் காணோமாம். காணோமா? உள்ளேதானே மாட்டினான்! பெரியவனுக்குப் போன் போட்டாள். பழைய டிஸ்க்கை உடனே கொண்டு வா என்றாள். அவன் சொன்னான், "நேத்தே அழிச்சுட்டேனே."

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக்கின் போன் அணைந்தே கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் இருப்பவரை என்ன சொல்ல.

பெரியவன் லீவு போட்டு வந்து பொழுது சாயும்வரை அதோடு மல்லுக்கட்டினான். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நானும் வாயை அடக்கவில்லை. சின்ன வயசில் கோழிக்கூண்டைத் திறந்து விட்டதிலிருந்து கடிகாரம் வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். மகள்தான், "அம்மா, போதும். அண்ணன் முகத்தைப் பாரு" என்றாள்.

மாப்பிள்ளை எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. "கடையை விட்டுட்டு நான் எப்படி வர்றது?" என்று மகள் கேட்ட நாளிலிருந்து அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தங்கமான மனிதர். இந்தக் குடும்பத்தில் எனக்குக் கோபமே வராத ஒரே ஆள்.

மார்ச் 7, வெள்ளி

மாப்பிள்ளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ரிப்பேர் கடைக்காரனைக் கூட்டி வந்தார். அவன் வந்ததும் வராததுமாக, "மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா சிஸ்டம் ஏத்திடலாம்" என்றான்.

மகள் கேட்டாள், "அப்போ டிசைன்? சாஃப்ட்வேர்?"

"அது போயிடும். கம்ப்யூட்டர் ஓடும்ல?"

ஓடி? அதைக் கட்டிக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சரி என்று சொல்லிவிடுவாள் போலிருந்தது. நான் போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இவன் அப்பன்தான் என் ரேடியோவை ரிப்பேருக்கு வாங்கிப் போய், குமிழ் இல்லாமல் திருப்பிக் கொடுத்தவன். இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக் கை இதன்மேல் படக்கூடாது.

"அத்தை, கொஞ்சம் எழுந்திருங்க" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் எத்தனை நாளைக்கு அவ இதைக் கட்டிக்கிட்டு அழணும்?"

"மெக்கானிக் வரட்டும், மாப்பிள்ளை."

"அவர் எப்போ வர்றது?"

"வரும்போது வரட்டும். எனக்கென்ன, உட்காரத்தானே போறேன்."

கடைக்காரன் கிளம்பிப் போன பிறகுதான் எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது.

மார்ச் 8, சனி

மகள் சாப்பிடவில்லை. பெரியவன் வாசலோடு நின்றுவிட்டுப் போனான். நான் உள்ளே கூப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

மெக்கானிக் வந்துவிட்டார். கேள்விப்பட்டுப் பெரியவனும் வந்தான். அவர் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் பாட்டைச் சொன்னோம்.

ஒரு பென்டிரைவைச் செருகினார். எதையோ தட்டினார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்கம்மா. சாமான் எல்லாம் புது வீட்டுலதான் பத்திரமா இருக்கு. வாசக்கதவு மட்டும் பழைய டிஸ்க்கிலேயே நின்னுபோச்சு. ரெண்டும் மாட்டியிருந்த வரைக்கும் அது வழியா உள்ள போயிருக்கு. பழசைக் கழட்டினதும் வழியே இல்ல. இப்போ புதுசுலயே கதவு வச்சுடுறேன்."

"நல்லவேளை, யாரும் இதை அழிக்கல" என்றும் சொன்னார். நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

மறுபடி சுவிட்சைப் போட்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வளையல் அழுந்தியது. திறந்தது. டிசைன் ஒன்றுவிடாமல் வரிசையாக நின்றது. ஆஸ்பத்திரி முத்திரை மேலேயே இருந்தது. மகள் அப்படியே மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மெக்கானிக் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "இதுக்குத்தான் அன்னைக்குப் போன்லயே சொன்னேன். பழசைக் கழட்டி வச்சுட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும், அதுவரைக்கும் அதை அழிக்கவே கூடாதுன்னு."

பெரியவன் விழித்தான். "யார்கிட்ட சொன்னீங்க? எனக்கு யாரும் சொல்லலையே."

"உங்க மச்சான்கிட்டதான். நீங்க மாத்தின அன்னைக்குக் காலையில நான் கூப்பிட்டப்போ அவர்தானே போன் எடுத்தாரு, நீங்களே மாத்தப்போறதா சொன்னாரு?"

மாப்பிள்ளை கதவோரம் நின்றிருந்தார். "மறந்துட்டேன்" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

மறந்துவிட்டாராம்.

டிப்போவில் எந்த டிரைவருக்கு எந்த பஸ், யாருக்கு என்றைக்கு ஓய்வு, எல்லாம் காகிதம் பார்க்காமல் சொல்கிறவர். என் மாத்திரைக்கு நேரம் சொல்வதே அவர்தான். இது மட்டும் மறந்துபோச்சா? பக்கத்திலேயே நின்னாரே! பெரியவன் அழிக்கப்போறேன்னு சொன்னப்போ அங்கதானே நின்னாரு, சிரிச்சுக்கிட்டு! நான் இவனைப் போட்டு வறுத்தெடுத்தப்போ டீ வாங்கிக் குடுத்தாரே. அழிக்கிறவனைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரே — கடை போனா இவ பெட்டி கட்டிடுவான்னுதானே?

மகளிடம் சொல்வதா? சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லாமல் எப்படி இருக்கிறது?

பெரியவனைத் திட்டினதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி அவனுக்கு உரியதுதான்.

மார்ச் 15, சனி

கடைசிப் பாக்கெட்டின் பின்பக்க நூலை நான்தான் கத்தரித்தேன். மூட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பெரியவனே வண்டியில் ஏற்றிப் போனான். திரும்பி வந்ததும் "சாப்பிட்டுட்டுப் போடா" என்றேன். சாப்பிட்டான்.

மார்ச் 29, சனி

மாப்பிள்ளை புது ஊரில் வேலையில் சேர இன்று தனியாகக் கிளம்பினார். "போயிட்டு வர்றேன் அத்தை" என்றார். "சரி" என்றேன்.

அவர் போன பிறகு மகள் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே சொன்னாள், "எனக்குத் தெரியும்மா. அவர் மறக்கல. அவரே சொல்லி அழுதாரு. நான் கூட வரணும்னு ஆசைப்பட்டுட்டாரு, அவ்வளவுதான். விடும்மா."

சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் வந்தது. மகள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாராம்.

வரட்டும். அவள் புருஷன், அவள் விட்டுவிடலாம். வந்தால் வாங்க என்பேன், தட்டு வைப்பேன், தண்ணீர் வைப்பேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், என் மாப்பிள்ளையை.