மணல் ஏரியும் மேட்டுக்காடும்

டோர்வல்
4 மார்ச் 2006

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

மாதாவின் காவலில் நீரும் ஜென்சியும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வருகிறது. போன ஞாயிறு இரண்டாவது நிமிடத்திலேயே வந்துவிட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நான் முதலில் இங்கே வந்து, நீர் பிள்ளைகளோடு மன்னாரில் இருந்த நான்கு வருடமும் நாம் கடிதத்தில் ஒரு தரம்கூடச் சண்டை பிடித்ததில்லை.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருடம் தட்டில் கோழியும் சோறும் வைத்த கை சும்மா கிடக்கிறது. நீர் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வருடமாகிறது. இந்த அறையில் தனியாக இருந்துகொண்டு மேலே போகிற விமானத்தை எண்ணிக்கொண்டிருக்க எனக்கு இனி ஏலாது.

வடக்கே இரண்டரை மணி ஓட்டத்தில் இருக்கும் அந்தத் தேசியப் பூங்காவில் கோடைக்குத் தொண்டர்கள் எடுக்கிறார்கள். சம்பளம் இல்லை. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், முகாமிலேயே தங்க வேண்டும். கூடாரம் போட வருகிறவர்களை வரவேற்பது, விறகு எங்கே என்று காட்டுவது, சாப்பாட்டுச் சாமானை வெளியே விட வேண்டாம் என்று நினைவூட்டுவது, இவ்வளவுதான் வேலை. நம் கோயிலுக்கு வருகிற பற்றிக் தன் பழைய ட்ரெயிலரைத் தருகிறான்.

மூன்று முகாம்களில் ஒன்றை ஏப்ரல் முடிவதற்குள் தெரிவு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுப் பெயர்கள் என் வாயில் நுழையாதபடியால் நானே பெயர் வைத்துவிட்டேன். ஆற்றடியில் மின்சாரம் உண்டு, கூட்டமும் உண்டு. மேட்டுக்காடு பூங்காவின் மறு கோடியில் இருக்கிறது. பதினைந்து கூடாரத்துக்குத்தான் இடம், கைத்தொலைபேசி வேலை செய்யாது. மற்றது மணல் ஏரி. அது உமக்குத் தெரியும். தொண்ணூற்றொன்பதில் நம் கோயில் பங்குச் சனத்தை நான் கூட்டிக்கொண்டு போன இடம்.

மணல் ஏரிக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். அங்கே எனக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நீர் என்ன சொல்கிறீர்?

உம்முடைய
வலன்ரைன்


லொங்குய்ய்
13 மார்ச் 2006

ஜென்சியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து மாறவில்லை. வீட்டில் ஒரு கோப்பை கழுவாத மனிதர் ஊரான் வீட்டுக் கூடாரத்துக்கு விறகு காட்டப் போகிறார் என்று ஜென்சிக்கு வாசித்துக் காட்டினேன். பேரனுக்கும் சிரிப்பு. அவனுக்குத் தமிழில் பாதி விளங்காது, சிரிக்க மட்டும் தெரியும்.

போங்கள், நல்ல விஷயம்தான். ஆனால் மணல் ஏரி வேண்டாம். உங்கள் முழங்காலுக்கு அது சரிவராது. கரைக்கு இறங்க அறுபத்திரண்டு படி, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். நுளம்புக் கடியும் அதிகம். ஆற்றடிக்கு எழுதுங்கள். மின்சாரம் இருக்கிறது, இரத்த அழுத்த மெஷினையும் கொண்டுபோகலாம். மருந்தை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

மிச்ச வேலை என்று எழுதியது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை.

றோஸ்மேரி


டோர்வல்
21 மார்ச் 2006

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

என் முழங்காலில் உமக்கு வந்திருக்கும் திடீர்ப் பாசத்துக்கு நன்றி. அது நொந்து நொந்து பத்து வருடமாகிறது. இன்றுதான் விசாரிக்க ஆள் கிடைத்தது.

ஆனால் ஒரு கேள்வி. தொண்ணூற்றொன்பதில் நாம் போனபோது மணல் ஏரியில் படியே இருக்கவில்லை. வேரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினோம். நீர் வழுக்கி விழுந்துவிட்டீர், அல்போன்சம்மா சிரித்ததற்கு ஒரு மாதம் அவரோடு பேசாமல் திரிந்தீர். பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். படி கட்டி ஐந்து வருடம்தானாம். எத்தனை படி என்று அங்கே பேசிய பிள்ளைக்கே தெரியவில்லை. உமக்கு எப்படித் தெரியும்? யாரோடு போனீர்?

என்னிடம் எதையோ மறைக்கிறீர். நீர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எனக்கு அங்கேயே போகவேண்டும் போலிருக்கிறது. என் குணம் உமக்குத் தெரியும். படிவத்தில் மணல் ஏரி என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

வலன்ரைன்


லொங்குய்ய்
2 ஏப்ரல் 2006

ஜென்சியின் அப்பாவுக்கு,

இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். இனிச் சொல்லாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

உங்கள் மகன் றொசான் ஒவ்வொரு வருடமும் ஜூலை முதல் கிழமை மணல் ஏரிக்கு வருகிறான். ஆறு வருடமாக வருகிறான். ஜென்சியும் நானும் போய் அவனோடு இருப்போம். ஷெர்புறூக்கில் மின்வேலை செய்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அதற்குக் காரணமும் உங்களுக்குத் தெரியும். பதினேழு வயதுப் பிள்ளையை நாற்பது பேருக்கு முன்னால் கூடாரக் கம்பியால் அடித்தீர்கள். பூங்காக் காவலர்கள் பிரெஞ்சில் உங்களை ஏசியதை அவன்தான் நின்று உங்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்த்த வாயிலேயே அடித்தீர்கள். கரடி வந்து இரண்டு கூடாரத்தைக் கிழித்தது, இரவு சாப்பாட்டுப் பெட்டிகளைக் காருக்குள் வைக்க அவன் மறந்ததால்தான் என்று சொன்னீர்கள். அடுத்த வருடம் வீட்டை விட்டுப் போனவன் இன்னும் உங்கள் வாசலுக்கு வரவில்லை.

ஏன் அடிபட்ட இடத்துக்கே வருகிறாய் என்று ஒரு முறை கேட்டேன். "அந்த ஏரி எனக்கு ஒண்டும் செய்யேல்லையே அம்மா" என்றான்.

முகாமுக்குள் வருகிற ஒவ்வொரு காரையும் முதலில் பார்ப்பது அந்தத் தொண்டர்தான். அந்த இடத்தில் நீங்கள் நின்றால் அவன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். பிறகு வரமாட்டான். வருடத்தில் எனக்கு என் பிள்ளை ஏழு நாள்தான். அதையும் எடுத்துப்போடாதீர்கள். கையெடுத்துக் கேட்கிறேன்.

றோஸ்மேரி


டோர்வல்
20 ஏப்ரல் 2006

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

உம்முடைய கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு எல்லாவற்றையும் கடந்துவிட்டேன். கோயிலில் எதுவும் என் காதில் ஏறவில்லை.

படிவத்தை அனுப்பிவிட்டேன். மேட்டுக்காடு. மணல் ஏரியிலிருந்து இருபத்துநான்கு கிலோமீற்றர். நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. ஜூலையில் அந்தப் பாலத்தைத் தாண்டமாட்டேன், இது சத்தியம்.

மிச்ச வேலை என்ன என்று இப்போது சொல்கிறேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொன்னதில்லை. உம்முடைய தம்பி மன்னாரிலிருந்து அனுப்பிய கட்டாக் கருவாடு ஞாபகம் இருக்கிறதா? காரில் வைத்தால் மணம் ஒரு மாதத்துக்குப் போகாது என்று அந்தப் பையை நான் எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் மரத்தில் கட்டித் தூக்கினேன். சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள் என்று சனத்துக்குச் சொன்னவனும் நானேதான். கருவாடு சமைக்காத சாமான், சட்டம் அதற்கில்லை என்று நினைத்தேன். மன்னாரானுக்கு அது சாப்பாடாகத் தெரியவில்லை, கரடிக்குத் தெரிந்துவிட்டது.

விடிய எழும்பிப் பார்த்தேன். பை இல்லை, நீலக் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பிறகு காவலர்கள் வந்தார்கள். சாப்பாட்டை வெளியே விட்டது யார் என்று கேட்கிறார்கள் அப்பா, என்று அவன் மொழிபெயர்த்தான். அவன் பெட்டிகளை எல்லாம் ஒழுங்காகக் காருக்குள் வைத்துத்தான் இருந்தான். கருவாட்டில் ருசி கண்ட கரடிதான் பின்னர் ஒரு காரின் கண்ணாடியை உடைத்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடித்தேன்.

அவன் வரும்போது இதை நீர் அவனிடம் சொல்வீரா? எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வலன்ரைன்


லொங்குய்ய்
1 மே 2006

ஜென்சியின் அப்பாவுக்கு,

எனக்குத் தெரியும். நீங்கள் கயிற்றை அவிழ்ப்பதைக் கூடார வாசலிலிருந்து கண்டேன். தம்பியின் பார்சலிலிருந்து நான் அவிழ்த்து வைத்த கயிறு எனக்குத் தெரியாதா?

வாய் திறக்கவில்லை. பங்குச் சனத்துக்கு முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பிள்ளையை விட்டுக்கொடுத்தேன். பிறகு நான்கு வருடம் உங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தக் கயிறுதான் கண்ணில் நின்றது. உங்களோடு இருக்க ஏலாமல் போனது நீங்கள் அடித்ததால் மட்டும் இல்லை. உங்களைப் பார்த்தால் என்னையே பார்ப்பது போலிருந்தது. ஆறு வருடம் அவனோடு அந்தக் கரையில் மீன் பொரித்துச் சாப்பிட்டேன், அவனிடமும் சொல்லவில்லை.

என் பங்கை நான் ஜூலையில் சொல்வேன். உங்கள் பங்கை நான் சொல்லமாட்டேன். அடித்தது நாற்பது பேருக்கு முன்னால். மன்னிப்பு மட்டும் எப்படிக் கடித உறைக்குள் வரும்? அந்தச் சனம் இன்றும் ஞாயிறு பூசைக்கு வருகிறது. "அந்தக் கவனமில்லாத பொடியன் இப்ப எங்க?" என்று போன கிறிஸ்மஸிலும் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர்களுக்குச் சொல்லுங்கள். சொன்னால், சொன்னீர்கள் என்று அவனுக்குச் சொல்வேன்.

மேட்டுக்காட்டுக்குக் கம்பளிப் போர்வை கொண்டுபோங்கள். ஜூலையிலும் அங்கே குளிர்.

றோஸ்மேரி


டோர்வல்
29 மே 2006

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

நேற்றுச் சொன்னேன். பூசை முடிந்து அறிவித்தல் நேரத்தில் சுவாமியிடம் கேட்டுக்கொண்டு முன்னால் போனேன். ஒலிவாங்கி உயரமாக இருந்தது, குறைக்கத் தெரியவில்லை, எட்டிக்கொண்டே பேசினேன். என்ன நடந்தது, யார் பை, யார் மரத்தில் கட்டியது, யாருக்கு அடி விழுந்தது, எல்லாம் சொன்னேன்.

கருவாடு என்றதும் சனம் சிரித்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலில் அல்போன்சம்மா கையைப் பிடித்து, "கரடிக்கும் எங்கட நாக்குத்தான் போல, விடுங்கோ வலன்ரைன், பழைய கதை" என்றார். பழைய கதை இல்லை அக்கா என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பற்றிக் மட்டும் கூடவே நடந்து வந்தான். கண்ணாடி உடைந்தது அவனுடைய காரில்தான்.

அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி மேட்டுக்காட்டுக்குப் போகிறேன். பிரெஞ்சில் நான்கு வசனம் பாடமாக்கிவிட்டேன். நீர் சொன்ன போர்வையையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வலன்ரைன்


மேட்டுக்காடு
8 ஜூலை 2006

அன்புள்ள றோஸ்மேரிக்கு,

வியாழன் பிற்பகல் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பெயர்ப் பட்டியலில் அன்று யாரும் இல்லை. வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்துப் போனேன். கண்ணாடி இறங்கியது. தாடி வைத்திருக்கிறான் என்று நீர் எழுதவில்லையே.

என்ன செய்வது என்று தெரியவில்லை. வாய் தன்பாட்டில் பொன்ஜூர் சொன்னது. பிறகு எல்லோரிடமும் கேட்கும் கேள்வியையே அவனிடமும் கேட்டேன், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் காருக்குள் இருக்கிறதா என்று, பாடமாக்கிய பிரெஞ்சில். அவன் என்ஜினை நிறுத்தினான்.

"ஓம், உள்ளதான் இருக்கு" என்றான், தமிழில். "நீங்கள் உங்கட சாமானை எங்க வைச்சிருக்கிறியள்?"

ட்ரெயிலருக்குப் பக்கத்தில் பூங்கா தந்த இரும்புப் பெட்டியைக் காட்டினேன். இறங்கி வந்து மூடியைத் திறந்தான். அரிசி, பருப்பு, தேயிலை, ஒரு பாண். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். மூடிக் கொளுக்கியைப் போட்டு, ஒரு தரம் இழுத்தும் பார்த்தான்.

"அம்மா சொன்னவா. தான் கண்டதெண்டும் சொன்னவா" என்றான். பிறகு, "கோயில்ல சனம் என்ன சொன்னது?"

"சிரிச்சது" என்றேன்.

"எனக்கு அடிச்ச நேரமும் கொஞ்சப் பேர் சிரிச்சவை. நீங்கள் காணேல்லை."

நான் கண்டிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். ஏழு வருடமாக வைத்திருந்த சொல், சொல்லி முடிக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. அவன் தலையாட்டினான். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. தேத்தண்ணி போடட்டுமா என்றேன். வேண்டாம், இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்ட வேண்டும், நீர் தேடுவீர் என்றான். இருபது நிமிடம்தான் நின்றான். திரும்ப வருவதைப் பற்றிப் பேச்சில்லை, நானும் கேட்கவில்லை. நீர் சொன்னதைக் கேட்டு உம்மிடம் என்ன சொன்னான் என்றும் கேட்கவில்லை. அது உங்கள் இருவருக்கும் உள்ளது.

அடுத்த வருடத்துக்கு எந்த முகாம் வேண்டும் என்று அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிட்டார்கள். மேட்டுக்காடு என்றே எழுதிக் கொடுத்தேன். உமது ஏழு நாள் உமக்கே இருக்கும். ஆனால் இந்த முகாமில் ஏழாம் இலக்க இடத்தில் நல்ல நிழல் உண்டு. படிகள் இல்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அன்று மாலை எனக்குப் பசித்தது. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் போட்ட கொளுக்கியைக் கழற்ற மனம் வரவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

உம்முடைய
வலன்ரைன்