சிங்க்கில் சிக்கிய பனங்கிழங்கு நார்

அன்புள்ள மதினி,

மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு வாசம் காலையிலிருந்து வீடெல்லாம் நிற்கிறது. உரித்த நாரைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கிண்ணத்தைப் பார்க்கப் பார்க்க உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு, கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷினை வாங்கிவந்து சிங்க்குக்கு அடியில் மாட்டினான். காய்த்தோல், மிஞ்சின சோறு எல்லாவற்றையும் அரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். "நாரு, முள்ளு மட்டும் போட்டுராதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பக் கப்பலேறினான். போன தை மாதம், இத்துனூண்டு நார் என்ன செய்துவிடும் என்று ஒரு கைப்பிடியைத் தள்ளினேன். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றுபோனது. சத்தமில்லாமல் சுவிட்சை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மருமகள், வேலைக்கு வரும் செல்வியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தப் போட்ட? ஸ்பூனா?"

"சத்தியமா ஒண்ணும் போடலக்கா."

"பின்ன, அதுவா நின்னுச்சாக்கும்? நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

செல்வி கண்கலங்கி நின்றாள். போட்டது நான்தான் என்று சொன்னால், மருமகள் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்றிருந்தது. அப்போதுதான் நீங்கள் என் நினைவில் வந்து நின்றீர்கள்.

முத்தையாபுரத்தில் அந்தக் காலத்து நம் அரவைக்கடை. மறுநாள் கிறிஸ்துமஸ், வாசல்வரை மாவுக்கு வந்த பாத்திரங்கள். நான் கைதவறிக் கரண்டியை உள்ளே போட்டுவிட்டேன், மெஷின் இறுகிக்கொண்டது. நீங்கள் கேட்டதும், யாரோ கொண்டுவந்த அரிசியில் ஏதோ கிடந்திருக்கும் என்றேன். நீங்கள் குனிந்து உள்ளே பார்த்தீர்கள்.

"அரிசிக்குள்ள கரண்டியும் விளையுதா, ஏளா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "போட்டவ சொன்னாத்தான் எடுக்கச் சுளுவு. என்ன விழுந்துச்சின்னு தெரியாம எதத் தேட?" என்று மட்டும் சொல்லி, கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றச் சொன்னீர்கள். "சிக்குனத முன்னாடி தள்ளுனா இன்னும் இறுகும்" என்றீர்கள்.

அந்த நினைப்போடு எழுந்துபோய் மருமகளிடம் சொன்னேன்: "செல்விய விடு. நாந்தான் போட்டேன். பனங்கிழங்கு நாரு."

மருமகள் என்னைப் பார்த்தாள். "மெக்கானிக்கக் கூப்பிடுதேன் அத்தை."

"எதுக்கு? போட்டது நாந்தான, நானே எடுக்கேன்."

பிளக்கைப் பிடுங்கினேன். மருமகள் போன் வெளிச்சம் காட்டினாள். கையை உள்ளே விடவில்லை, இடுக்கியால்தான் நாரை இழுத்தேன். பாதிதான் வந்தது. சிங்க்குக்கு அடியில் படுத்து, மெஷினோடு வந்த வளைந்த சாவியை அடிக்குழியில் மாட்டிப் பின்பக்கமாகத் திருப்பினேன். முதலில் அசையவில்லை. அப்புறம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். உள்ளே ஏதோ விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரிந்தது. மறுபடி இடுக்கி. மிச்ச நாரும் சடைபோல வந்தது. மகன் காட்டித் தந்திருந்தபடி அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கி, பிளக்கைச் செருகி, தண்ணீரைத் திறந்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். ஓடியது, மதினி. அறுபத்தெட்டு வயதில் தரையில் கிடந்து ஒரு மெஷினை ஓடவைத்தேன்.

மருமகள் செல்வியிடம் போய், "நாளைக்கு வெள்ளன வந்துரு" என்றாள். பிறகு தானே காப்பி போட்டு அவளுக்கு முதலில் கொடுத்தாள்.

இப்போது அந்தச் சாவி என் பொறுப்பில் ஆணியில் தொங்குகிறது. முதலில் தண்ணீர், பிறகு சுவிட்சு, கொஞ்சங்கொஞ்சமாகப் போடணும், அரைத்து முடித்தும் தண்ணீர் சற்று ஓடணும். ஈர அரிசியை நாம் அரைத்த முறைதான். மாடிவீட்டுக்காரிகூட என்னிடம் கேட்டுப் போகிறாள்.

நேற்று மெஷின் மறுபடி நின்றது. நான் வாய் திறக்குமுன் மருமகள் வந்து நின்றாள்.

"அத்தை, நாந்தான். முருங்கைக்காய்ச் சக்கை."

ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "பின்னாடி சுத்து, ஏளா" என்றேன். அது உங்கள் குரலாகவே வந்தது.